அந்தப் பெடியனைப் போகவிடு, மகன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு கதைத்ததைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நீ கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் பெடியளில் கெட்டிக்காரன், வெல்லக்கூடிய கழகமாகப் பார்த்துப் போகப்போகிறானாம். "டுரன்ட் செய்த வேலையைத்தான் இவனும் செய்கிறான், துரோகி" என்றாய். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் பெரிய பாரம். ஃபோனில் உன்னோடு வாதாட எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் கெவின் டுரன்ட் தன் ஒக்லகோமா அணியை விட்டுப் போனது எனக்கும் கசந்ததுதான். 2016 இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் ஒக்லகோமா 3–1 என்று முன்னுக்கு நின்றுவிட்டு, கடைசி மூன்று ஆட்டத்தையும் தோற்றது. தோற்கடித்த அதே அணியில் சில கிழமைகளில் போய்ச் சேர்ந்தார். அதுவும் அந்தப் பருவத்தில் 82 ஆட்டத்தில் 73 ஐ வென்ற அணி. 2017, 2018 இரண்டு வருடமும் கிண்ணம் அவர்களுக்கே போனது. பருவம் தொடங்கும்போதே முடிவு தெரிந்தால் பந்தடி பார்த்து என்ன பயன் என்று நீ கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்துவிட்டது அவர் இல்லை. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தக் காசு வந்து, ஒரு அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பு ஒரே கோடையில் 70 மில்லியன் டொலரிலிருந்து 94 மில்லியனுக்குப் பாய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவோம் என்று லீக் கேட்டது, வீரர்களின் சங்கம் மறுத்துவிட்டது. கரி, தொம்ப்சன், கிரீன் என்ற மூன்று நட்சத்திரங்களும் ஏற்கனவே இருந்த வாரியர்ஸுக்கு நாலாவது நட்சத்திரத்தை எடுக்க இடம் கிடைத்தது அப்படித்தான்.

போகும் உரிமை சும்மா வந்ததில்லை, மகன். அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒஸ்கார் ரொபேர்ட்சனை நினைத்துப் பார். சின்சினாட்டியில் பத்துப் பருவம் ஆடினார், ஒரு கிண்ணமும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் அந்தக் கழகத்துக்கே கட்டுப்பட்டவன் என்ற காலம் அது. சங்கத் தலைவராக இருந்த அவர் 1970 இல் லீக்கையே நீதிமன்றத்துக்கு இழுத்தார். அதே வருடம் சின்சினாட்டி அவரை மில்வோக்கிக்குத் தள்ளிவிட்டது. அங்கே, பிறகு கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் மாற்றிக்கொண்ட இளைஞரோடு சேர்ந்து 1971 இல் கிண்ணம் வென்றார். வழக்கு 1976 இல்தான் சமரசமாக முடிந்தது. அதற்குப் பிறகும் இழுபட்டு, 1988 இல்தான் ரொம் சேம்பர்ஸ் என்ற வீரர் எந்தத் தடையும் இல்லாமல் சியாட்டிலை விட்டு பீனிக்ஸுக்குப் போனார். ரொபேர்ட்சனை ஒருவரும் கோப்பை தேடி ஓடினவர் என்று சொல்வதில்லை. கழகம் அனுப்பினால் ஒருவருக்கும் கோபம் வருவதில்லையே, ஏன்?

எங்கள் ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணியையே எடு. டெமார் டெரோசன் 2009 இல் வந்தார், ஒன்பது பருவம் ஆடினார். 2016 இல் விலகிப் போகலாம் என்ற நிலையிலும் வேறு எந்த அணியோடும் கதைக்காமல் திரும்பவும் இங்கேயே கையெழுத்து வைத்தார். நீ கேட்கும் விசுவாசம் அதுதானே? 2018 ஜூலையில் அவரை சான் அன்ரோனியோவுக்கு அனுப்பி, கவாய் லெனார்ட்டை எடுத்தார்கள். ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்தார்கள் என்று அவர் எழுதியதை நீதான் எனக்குக் காட்டினாய். அடுத்த பெப்ரவரியில் எதிரணிச் சட்டையோடு அவர் இங்கே வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் ஆட்டம் முடியும் நேரத்தில் அவர் கையிலிருந்த பந்தைப் பறித்து ஓடிப்போய்க் கூடைக்குள் அடித்தவர் யார்? அதே கவாய். அந்த வருடம் எங்களுக்கு முதல் கிண்ணம். கவாய் ஒரே பருவத்தோடு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். டிசம்பரில் வந்தபோது எங்கள் ஆட்டக்காரர் லவ்ரி கையால் வெற்றி மோதிரம் கொடுத்து அனுப்பினோம்.

எங்கள் பழைய நட்சத்திரம் வின்ஸ் கார்ட்டருக்கு மட்டும் அப்படி இல்லை. தன்னை மாற்றிவிடச் சொல்லி 2004 இல் போனவர் என்று, பந்து கைக்கு வரும்போதெல்லாம் வருடக்கணக்காகக் கூச்சல் போட்டார்கள். 2014 இல் அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டினபோது ஊர் கைதட்டியது, மனுஷன் நின்று அழுதார். 2024 இல் ராப்ரர்ஸ் அவருடைய 15 ஆம் இலக்கச் சட்டைக்கு, இனி வேறு ஒருவரும் அணியாதபடி, ஓய்வு கொடுத்தது; அந்த அணி அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. இவ்வளவு காலம் அந்த வெறுப்பை வைத்திருந்து நாங்கள் கண்டது என்ன?

2019 இல் வாரியர்ஸுக்கு எதிராக நாங்கள் ஆடிய இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தையும் நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு மாதம் காயத்தோடு இருந்துவிட்டு வந்த டுரன்ட் 12 நிமிடத்தில் 11 புள்ளி எடுத்தார். பிறகு குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். எங்கள் சனத்தில் சிலர் ஆரவாரம் செய்தார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் லவ்ரியும் இபாகாவும் கையைக் காட்டி அடக்க வேண்டியிருந்தது. ஒரு ஆட்டக்காரனைத் துரோகி என்று சொல்லிப் பழகின வாயிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது என்று நான் நம்புகிறேன்.

உன் அணி அடுத்த வருடம் கஷ்டப்படும், அது எனக்குத் தெரியும். அவனை நீ ஆளாக்கினது வீண் என்று நினைக்காதே. பயிற்சிக்கு அவன் வராமல் விடமுதல் நீயே அவன் வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனோடு கதை. அவனுக்கு இடக்கை இன்னும் பலவீனம் என்றும், தோற்கும்போது அவசரப்பட்டுத் தூர எறிகிறான் என்றும் போன மாதம் சொன்னாயே. அதைப் புதிய பயிற்சியாளருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடு. உன்னைவிட அவனை அறிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

அவன் வீட்டுக்குப் போய் வந்தபின் ஃபோன் எடு. அம்மா மிளகாய்த்தூள் பார்சல் அனுப்பியிருக்கிறா.

அன்புடன்,
அப்பா