உன் முக்காலியும் என் நோட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், கோபித்துக்கொள்ளாதே. முக்காலி செய்த கதையை இரண்டு முறை படித்தேன். மூன்று காலும் மூன்று உயரத்தில் வந்துவிட்டது, பலகை சாய்ந்திருக்கிறது, ஆனாலும் ஆடாமல் நிற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதை அப்படியே வகுப்பில் கேள்வியாகக் கேட்டுவிட்டேன். நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையானாலே ஆடுகிறது, முக்காலி ஏன் ஆடுவதில்லை? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும், நான்காவது அதில் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை, நாம் படித்ததுதான். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மூன்று விரல் நுனியில் நோட்டை நிறுத்தி, நான்காவது விரல் அதைத் தொடாமலே இருப்பதைக் காட்டிவிட்டாள். அன்றைக்கு முழுவதும் எனக்கு அதே சந்தோஷம்.

இந்த வயதில் புதிதாக ஒன்று கையில் ஏறுமா என்று கேட்டிருந்தாய். ஏறும். ஜெர்மனியில் 60 வயதை ஒட்டியவர்களுக்கு மூன்று மாதம் மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வு அது. அசைவைக் கண்டறியும் பகுதியில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. இளைஞர்கள் அளவுக்கு அவர்களுக்கு வித்தை படியவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் பயிற்சிக்கு மூளை பதில் சொல்லியது. எனக்கு அது போதும்.

அப்புறம், என் கதைக்கு வருகிறேன். மின்மோட்டார் பாடத்தை நான் எத்தனை வருடமாக நடத்துகிறேன் என்று உனக்குத் தெரியும். கரும்பலகையில் படம் போடுவேன், அம்புக்குறி போடுவேன், சுருளில் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பும் திசைமாற்றி எதற்கு என்று எழுதிப்போடுவேன், பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். இந்த வருடம் முதல்முறையாகச் செய்தே பார்த்துவிடலாம் என்று, ஒரு பேட்டரி, ஒரு காந்தம், இரண்டு ஊக்கு, எனாமல் பூசிய செம்புக்கம்பி எல்லாம் கொடுத்தேன். கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ஊக்கின் துளைகளில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழு எனாமலைச் சுற்றிலும் சுத்தமாகச் சுரண்டிவிட்டது. சுருள் இப்படியும் அப்படியும் ஊசலாடியதே தவிர சுற்றவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பையன் வேலை முடியாமல் பாதிப் பக்கம் மட்டும் தேய்த்து மாட்டினான், அது விர்ரென்று சுற்றியது!

எல்லோரும் அவன் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். சரியாகச் செய்தவர்களுக்கு ஏன் ஓடவில்லை, அரைகுறையாகச் செய்தவனுக்கு ஏன் ஓடுகிறது? அந்தக் கேள்வி நான் நடத்திய எந்த வகுப்பிலும் வந்ததே இல்லை. முதல் அரைச்சுற்றில் முன்னே தள்ளும் விசை, மின்னோட்டம் அப்படியே தொடர்ந்தால் அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கும். எனாமல் இருக்கிற பாதி அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது, சுருள் வந்த வேகத்திலேயே மீதியைக் கடந்துவிடுகிறது. இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்க அவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம். அந்த முப்பத்தெட்டு நிமிடம் வீண் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேனே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் நானும் ஏதாவது ஒன்றை அடியிலிருந்து கற்க வேண்டும் என்று தாள்களை மடித்துத் தைத்துப் புத்தகம் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறேன். முதல் நோட்டின் மடிப்புகள் எல்லாம் வெடித்து, முதுகு கோணிவிட்டது. கற்றுத்தருபவர் என்னைவிட முப்பது வயது சின்னவர், ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து நீளவாட்டில் கிழித்தார், கோடு போட்டதுபோல் நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழித்தார், பல் பல்லாகக் கோணிக்கொண்டு போனது. காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு, ஆலையில் கூழ் ஓடிய திசையில் நார்கள் படிந்திருக்கும், மடிப்பு அதை ஒட்டித்தான் வர வேண்டும். வாழ்நாள் முழுக்கக் காகிதத்தோடு பழகியவன் நான், இது தெரியாது. தெரியாத இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பதும் மறந்தே போயிருந்தது. ஊசியில் நூல் கோக்கத் தடுமாறியபோது, 'இதுகூடவா புரியவில்லை' என்று நான் கேட்ட பிள்ளைகளின் முகம் வந்து போனது. இப்போதெல்லாம் அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை.

ஃபிரோபெல் என்ற கல்வியாளர் 1837-இல் ஜெர்மனியில் மழலையர் பள்ளி தொடங்கியபோது குழந்தைகள் கையில் பந்தும் மரக்கட்டைகளும்தான் கொடுத்தார். ஆறு வயதானதும் அதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு அசையாமல் உட்கார் என்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கி 2007-இல் வெளியிட்ட குழுவின் பெயரே 'வாழ்நாள் மழலையர் பள்ளி' என்று பொருள்படும். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

மூன்றாவது நோட்டு ஓரளவு நேராக வந்திருக்கிறது, இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நாலாவது மடிப்பில் தையல் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அழுத்தித் திறக்காதே. உன் அடுத்த முக்காலியின் அளவுகளை அதில் எழுது, தப்பாகப் போன அளவுகளையும் அடிக்காமல் விட்டுவை. நான் வரும்போது பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்