குடம் குடமாகப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் எல்லாருக்கும், இந்த 2019 கோடையில் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த முகம் தெரியாத பலருக்கும் வணக்கம்.

மழை வந்துவிட்டது. குழாயில் மறுபடி தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. அவரவர் வேலையில் மூழ்கி இதையெல்லாம் மறந்துபோவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் சேர்ந்து ஏறக்குறைய 11 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும். ஜூன் மாதம் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நகரத்துக்கு நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வேண்டும், கொடுக்க முடிந்தது 52 கோடி லிட்டர்தான். அதுவும் வீராணம் ஏரி, மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், சிக்கராயபுரம் கல்குவாரி என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் திரட்டியது. லாரிக்குப் பதிந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியார் லாரிக்காரர்கள் சொன்ன விலை எங்களைப் போன்ற வாடகைக் குடித்தனத்துக்குக் கட்டாது. எங்கள் வீட்டு போர்வெல்லில் மோட்டார் போட்டால் காற்றும் சேறும்தான் வந்தன.

எங்கள் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பது பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும். விரிப்பு மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், உடம்பு துடைத்துவிட வேண்டும். குடிக்கிற தண்ணீரில் அதையெல்லாம் செய்ய மனசு வராது, செய்யாமல் விட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். எனக்கு இரவில் தூக்கமே வராது.

தெருவுக்கு லாரி வந்தபோது முதலில் வீட்டுக்கு ஆறு குடம் என்று பேசினோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு, ஒட்டுக்குடித்தனத்தில் ஒன்பது பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு. மறுநாளே எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கணக்கு வேண்டாம், தலைக்கணக்கு போடுவோம் என்றார். தலைக்கு ஒரு குடம். அவர் வீட்டில் அவரும் சாரும் மட்டும்தான்.

"டீச்சர், அப்போ உங்களுக்கு ரெண்டு குடம்தானே வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு போதும்மா. அடுத்த வீடு எத்தனை பேரு, சொல்லு."

எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் அவரே நான்கு என்று எழுதி, பக்கத்தில் கூட்டல் ஒன்று போட்டார். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அதே கூட்டல் ஒன்று. நான் வாயைத் திறந்து கேட்கவில்லை டீச்சர். கேட்க வேண்டிய நிலைக்கு என்னை நீங்கள் விடவில்லை. அந்த ஒரு குடத்தைவிட அதுதான் எனக்குப் பெரிது. அந்தக் கணக்கால் குடம் குறைந்துபோன வீடுகள் நம் தெருவில் பல உண்டு. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் என் கும்பிடு.

கடைசி வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எல்லாக் குடமும் ஒரே பச்சை, ஒரே நீலம். யாருடையது என்று தெரியாமல்தான் பாதிச் சண்டை வரும். அவள் தன் நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்துவந்து ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் வீட்டு எண்ணை எழுதினாள். எங்கள் குடத்தில் அந்தச் சிவப்பு எண் இன்னும் அழியவில்லை. லாரிக் குழாயிலிருந்து முதலில் கலங்கலாக வருவதைத் தனி வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஒதுக்கியதும், தெளிந்த பிறகு வருவதை மட்டும் குடிக்கப் பிடிக்க வைத்ததும் அவள் ஏற்பாடுதான். குடிக்கும் தண்ணீர்க் குடத்தில் யாரும் கைவிட்டு மொள்ளக் கூடாது, நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கு என்று படுக்கவில்லை.

கிணற்று வீட்டுத் தாத்தாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சுற்றுவட்டாரத்தில் வற்றாத கிணறு அவருடையது ஒன்றுதான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது பலர் பெயருக்குக் குழாய் பதித்துவிட்டுப் போனார்கள். அவர் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் மணலும் கூழாங்கல்லும் போட்டு வடிகட்டிக் கிணற்றுக்குள் விட்டார். வருஷா வருஷம் அதைச் சுத்தம் செய்யவும் செய்தார். இந்தக் கோடையில் தன் மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு ராட்டினத்தையும் கயிற்றையும் மாட்டினார். "மோட்டார் ஒரே மூச்சுல உறிஞ்சிடும். கயிறு போட்டு இழுத்தா ஊத்து ஊற நேரம் கிடைக்கும்" என்றார். இரவில் யாரும் இறைக்கக் கூடாது, கிணறு ஊறட்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. தன் வீட்டுக்குக்கூடக் கயிறு போட்டுத்தான் இழுத்தார். மாமியாரின் துணி முழுக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் துவைத்தேன். லாரித் தண்ணீரை அப்படியே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

முனை மெஸ் நடத்தும் அக்கா எச்சில் தட்டு கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்க வாழை இலைக்கு மாறினார். ஆனால் வாசலில் ஒரு கேன் தண்ணீரும் டம்ளரும் தினமும் இருந்தன. குப்பை அள்ள வருகிற தூய்மைப் பணியாளர்கள், சிலிண்டர் தூக்கி வருகிறவர்கள், காவலுக்கு நிற்கும் தாத்தாக்கள் எல்லாரும் அங்கே குடித்தார்கள். கேன் விலை ஏறின நேரம் அது. அவர்கள் பெயர் நம் நோட்டுப் புத்தகத்தில் இல்லை. அக்காவுக்குத்தான் அவர்கள் நினைவு வந்தது.

லாரி ஓட்டிவந்த அண்ணனுக்கும் கிளீனர் தம்பிக்கும்: நேரம் காலம் பார்க்காமல் ஓட்டினீர்கள். எத்தனையோ தெருக்களில் திட்டு வாங்கிவிட்டு எங்களிடம் வருவீர்கள். குழாயை உதறி, அதில் தேங்கின தண்ணீரையும் வாளியில் வடித்துவிட்டுத்தான் சுருட்டுவீர்கள்.

அப்புறம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர். ஜூலை 12-ம் தேதி முதல் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மேட்டூர்க் காவிரித் தண்ணீர் மேட்டுச்சக்கரகுப்பம் தொட்டியிலிருந்து குழாயில் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்து, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குப் போனது. நகரத்தின் தேவையோடு வைத்துப் பார்த்தால் ஒரு ரயில் தண்ணீர் சொற்பம்தான். எங்கள் தெருவுக்கு அதில் ஒரு சொட்டு வந்ததா என்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களும் குடத்தோடு அலைந்தவர்கள்தான். தங்கள் மாவட்டத்துக்கு வருகிற தண்ணீரில் ஒரு பங்கு சென்னைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும், இரவு பகலாகக் குழாய் பதித்தவர்களுக்கும், வால்வு திறந்தவர்களுக்கும் ஒரு சென்னைக்காரியின் மனமார்ந்த நன்றி.

மாமியாருக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. இதை வாசித்துக் காட்டினேன். டீச்சரம்மா பெயர் வந்த இடத்தில் இடது கையை உயர்த்திக் காட்டினார். அவர் சார்பிலும் இது.

ஒரு தகவல். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் மொட்டைமாடிக் குழாயை மூடிக்கிடக்கும் பழைய கிணற்றுக்குத் திருப்பச் சம்மதித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார், கிணற்று வீட்டுத் தாத்தா கூட நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மணல் இறக்க இரண்டு ஆள் தேவைப்படும். முடிந்தவர்கள் காலையில் வாருங்கள், காபி எங்கள் வீட்டில்.

நன்றியுடன்,
பின்கட்டுக் குடித்தனத்தார்