மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பெருங்குடல் புண் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மலத்தில் ரத்தம் போனாலே மூலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்று எழுதியது நல்ல காரியம். 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பியே வருஷக்கணக்கை ஓட்டிவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் அதே கட்டுரையின் முடிவில், ரத்தம் நின்று மூன்று மாதம் ஆகிவிட்டால் மாத்திரையைக் குறைத்து நிறுத்திவிடலாம், பிறகு பத்தியமே போதும் என்று ஒரு வரி. பெருங்குடலின் உள்தோல் அழற்சியால் புண்ணாகி, அடங்குவதும் கிளம்புவதுமாக இருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர் அந்த வரியை நம்பினால் வீணாகப் படுத்துவிடுவார்.

ரத்தம் நிற்பது வேறு, குடலின் உள்தோல் ஆறுவது வேறு. மலம் கெட்டியாகி, வயிற்று வலியும் போன பிறகும் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி வேண்டியதில்லை. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250க்கு மேலே போனால் அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். இடைப்பட்ட எண் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தாலும் இந்த எண் ஏறும். லேபுக்குப் போகுமுன் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லப்போனால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் அடங்கிக் கிடக்கும் நோயையே கிளப்பிவிடக்கூடியவை. காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும்.

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் அதை அடக்கி வைத்திருப்பது குடலின் அழற்சியைத் தணிக்கும் மெசாலமைன் மாத்திரைதான். நோய் கிளம்பியிருக்கும்போது நாளைக்கு 2.4 கிராம் முதல் 4.8 கிராம் வரை கொடுப்பார்கள்; அடங்கிய பின் பெரும்பாலும் 2 கிராமுக்குக் குறையாமல் தொடர வேண்டும். மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்னால் மதிய வேளை மறந்துபோகும், அது மனித சுபாவம். அடங்கிய காலத்தில் மொத்தத்தையும் காலையிலேயே ஒரே வேளையாகச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்குச் சரி என்பார். மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மேல்பூச்சு உடைந்தால் மருந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருமுன்பே கரைந்துவிடும். மலத்தில் வெற்று ஓடு வந்தால் பயப்பட வேண்டாம். முழு மாத்திரையே அடிக்கடி வந்தால் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்துக்கொள்வது அவசியம். சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல், ஆரம்பித்த சில நாளில் பேதி கூடும். அவர்களுக்கு வேறு மருந்துதான் வழி.

கட்டுரை வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த நோய் ஆசனவாய்க்கு மேலே மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுவது. வாய்வழி மாத்திரை அந்தக் கடைசி முனைக்குப் போய்ச் சேரும்போது அளவு குறைந்துவிடும். அதனால்தான் டாக்டர் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையையோ எனிமாவையோ சேர்த்து எழுதுகிறார். நம்மவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அதை மட்டும் வாங்குவதே இல்லை, வாங்கினாலும் பிரிட்ஜில் தூங்குகிறது. வைப்பது கஷ்டமில்லை. இரவு படுக்கப் போகுமுன் கழிவறைக்குப் போய்விட்டு வந்து, முனையைத் தண்ணீரில் நனைத்து, விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளிவிட வேண்டியதுதான். சித்திரை வெயிலில் மாத்திரை குழைந்துபோயிருந்தால் உறையைப் பிரிக்காமல் சிறிது நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுங்கள். எனிமா என்றால் நன்றாகக் குலுக்கி, இடது பக்கம் சாய்ந்து, வலது முழங்காலை மடக்கிப் படுத்து, மெதுவாக அழுத்த வேண்டும். அவசரமாக அழுத்தினால் உடனே வெளியேறத் துடிக்கும். அரை மணி நேரமாவது அப்படியே படுத்திருங்கள், இரவு முழுக்கத் தங்கினால் இன்னும் நல்லது. முதல் சில நாள் மருந்து நிற்காது, ஏனென்றால் புண்பட்ட மலக்குடல் எதையும் தாங்காது. புண் ஆற ஆறத் தங்கும். துணியில் கறை படியும், பழைய விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டீராய்டு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் பிரெட்னிசோலோன் வாங்கிப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. போட்ட சில நாளில் ரத்தம் நின்றுவிடுவதால் ருசி கண்டுவிடுகிறார்கள். அது தீயணைப்பு வண்டி மாதிரி, தினமும் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. வழக்கமாக 40 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்து வாரத்துக்கு 5 மில்லிகிராமாகக் குறைத்து நிறுத்துவார்கள். திடீரென்று நிறுத்தினால், அத்தனை நாள் சும்மா இருந்த அட்ரீனல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரும். குறைக்கும்போதே நோய் திரும்பினாலும், நிறுத்திய மூன்று மாதத்துக்குள் திரும்பினாலும், அடுத்த படி மருந்துக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின். வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் பொறுமை தேவை. தொடங்குமுன் என்யுடிடி15 மரபணுச் சோதனை கிடைத்தால் செய்துகொள்ளுங்கள். அந்த மரபணுவில் ஒரு மாற்றம் நம் ஆசிய மக்களிடம் இருப்பதுண்டு, அது உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் ரத்த வெள்ளணுக்கள் சடாரென்று சரிந்துவிடும். முதல் மாதம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, நிலைப்பட்ட பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றே வெள்ளணுக்களை எண்ணிப் பாருங்கள். யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினாலை இதோடு தெரியாமல் சேர்த்தால் ஆபத்து.

உணவைப் பற்றி. மிளகாய் இந்த நோயை உண்டாக்குவதில்லை. நோய் கிளம்பியிருக்கும்போது எரிச்சல் கொடுக்கும், அவ்வளவே. அந்த நாட்களில் குழைந்த சாதம், இட்லி, நீர்மோர், தோல் சீவி வேகவைத்த காய், முட்டை போதும். அடங்கிய பின் கீரையையும் பருப்பையும் பழத்தையும் ஒதுக்கினால் ரத்தசோகைதான் மிச்சம். பேதி அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் கலந்து குடியுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பேதியைக் கூட்டத்தான் செய்யும்.

சிறுகுடல் உட்பட குடலின் எந்தப் பகுதியிலும் அழற்சி வரக்கூடிய க்ரோன்ஸ் நோய்க்கு இதே கணக்கைப் போடக் கூடாது. அங்கே மெசாலமைனுக்குப் பெரிய வேலை இல்லை. சிறுகுடல் சுருங்கியிருப்பவர்கள் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கரும்பு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் நார் திரண்டு குறுகலில் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் வயிறு உப்பி, சுருட்டிப் பிடித்து, வாந்தியும் வந்தால் ஆஸ்பத்திரிதான். பவுத்திரம் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் கத்தி வைக்குமுன் க்ரோன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அறுத்த புண் ஆறாது. நம் நாட்டில் குடல் காசநோயும் இதே முகத்தோடு வரும். காசநோய் இருப்பவருக்கு ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃப்லிக்ஸிமாப் ஊசியோ கொடுத்தால் அது கொழுந்துவிட்டு எரியும். அந்த ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கேட்பது அதற்காகத்தான்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடி நிமிஷத்துக்கு 90ஐத் தாண்டினாலோ காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். அந்த நிலையில் பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையைப் போட்டு அடக்கப் பார்க்காதீர்கள். போக்கு திடீரென்று குறைந்து வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தால் அது குணமில்லை, பெருங்குடல் வீங்கி வெடிக்கும் நிலைக்கு வருகிறது என்று பொருள். வீட்டில் இருப்பவர்கள் 'இன்னிக்குப் பரவாயில்லை' என்று சொல்வது இந்த நேரத்தில்தான்.

கட்டுரையைப் படித்து மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியவர்கள், வீட்டில் மிஞ்சியிருக்கும் ஸ்டீராய்டைத் தாங்களாகத் தொட வேண்டாம். டாக்டரைப் பார்த்து, கால்புரோடெக்டின் எடுத்து, மெசாலமைனை மறுபடி தொடங்குவது பற்றிப் பேசட்டும். நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனவர்கள், ரத்தமே போகாவிட்டாலும், புற்றுநோய்க்காக ஒரு கொலனோஸ்கோப்பிக்கும் அதே நாளில் தேதி வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஒரு வரிக்கான திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடல்நோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
திருச்சி