மூன்று விநாடி அவகாசம்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் ஐந்தாவது இடம் கையில் இருந்தபோது, நம் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி பந்து எறிபவருக்கு அரணாக நிற்கும் பெனே சூவல் என்ற லைன்மேனை விட்டுவிட்டு, எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கும் ஜமார் சேஸ் என்ற ரிசீவரை எடுத்தது சரிதான் என்று இப்போதாவது ஒத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாய். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. காரணத்தை நிதானமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சேஸின் திறமையை நான் எப்போதும் குறைத்துப் பேசியதில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019ஆம் ஆண்டு, பின்னால் நம் அணியின் பந்து எறிபவரான ஜோ பரோ எறிய இவர் பிடித்த பந்துகள் 84, முன்னேறிய யார்டுகள் 1,780, எல்லைக் கோட்டைத் தாண்டிய டச் டவுன்கள் 20. அந்த இணையை மறுபடியும் ஒரே அணியில் சேர்க்கும் வாய்ப்பு வந்தபோது எந்த நிர்வாகத்துக்கும் ஆசை வரத்தான் செய்யும். முதல் ஆண்டிலேயே 1,455 யார்டு எடுத்தார். 2022 ஜனவரி 2 அன்று கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 யார்டு எடுத்தபோது நானும் எழுந்து நின்று கை தட்டினேன்.

ஆனால் டிராஃப்டுக்கு ஐந்து மாதம் முன்பு நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. 2020 நவம்பர் 22, வாஷிங்டன் ஆட்டம். பந்து பரோவின் கையை விட்டுப் போன அதே கணத்தில் மேலிருந்து ஒருவரும் கீழிருந்து ஒருவரும் வந்து மோத, தரையில் ஊன்றியிருந்த இடது கால் போகக் கூடாத பக்கம் மடங்கியது. அதை மறுபடி காட்டியபோது நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை நடக்கப் பழக்குவதுதான் என் தொழில் என்பது உனக்குத் தெரியும். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலை அரை அங்குலம் கீழே அழுத்தச் சொன்னால், கட்டுமஸ்தான இளைஞனுக்கும் நெற்றி வியர்க்கும். தொடைச் சதை வற்றி ஒரு கால் மற்றொரு காலை விடச் சிறுத்திருக்கும். பத்தே ஆட்டத்தில் 32 முறை சாக் ஆகி, அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டு, அந்த நிலைக்கு வந்த ஒருவருக்கு முதலில் செய்ய வேண்டியது, அவர் முன்னால் அசையாமல் நிற்க ஓர் ஆளை நிறுத்துவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அணி வேறு கணக்குப் போட்டது. ரிசீவரை முதலில் எடுத்துக்கொள்வோம், லைன்மேன் இரண்டாவது சுற்றில் கிடைப்பார் என்று நினைத்தார்கள். அப்படி எடுத்த ஜாக்சன் கார்மன் அந்த இடத்தில் நிலைக்கவில்லை. அந்த ஆண்டு லீக் சுற்றில் மட்டும் பரோ 51 முறை சாக் ஆனார். லீக் சுற்றுக்கு அடுத்த பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றில், டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்பது முறை விழுந்தும் எழுந்து வந்து ஜெயித்துக் கொடுத்தார். அதை வீரம் என்று எல்லோரும் எழுதினார்கள். வீரம்தான், ஆனால் அவரை அந்த நிலையில் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

பிறகு இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். எதிரணியான ராம்ஸ் 23, நாம் 20. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், பந்தைத் தக்கவைக்க இருந்த கடைசி, நான்காவது முயற்சி, தேவை ஒரே ஒரு யார்டு. சேஸ் தன்னைக் காத்து நின்றவரைக் கடந்து ஆளில்லாத வெளியில் ஓடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து எறிய இன்னும் ஒரு விநாடி போதும். அதற்குள் ராம்ஸின் ஏரன் டொனால்ட் வந்து பரோவைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். எதற்காக சேஸை எடுத்தார்களோ அது நடந்தது. பந்து மட்டும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

டொனால்ட் நடுப்பக்கமாக அல்லவா வந்தார், ஓரத்தில் நிற்கும் டேக்கிளான சூவல் இருந்தும் என்ன ஆகியிருக்கும் என்று நீ அன்றே கேட்டாய். நியாயமான கேள்வி. ஓரத்தில் நிற்பவர் எதிரியைத் தனியாகத் தாங்குவார் என்ற நம்பிக்கை இருந்தால், அவருக்குத் துணையாக அனுப்பும் ஆளை நடுவில் திணறும் கார்டு என்ற லைன்மேனுக்கு அனுப்பலாம். ஒரு நல்ல டேக்கிள் தன் இடத்தை மட்டும் காப்பதில்லை, பக்கத்து இடத்துக்கும் ஓர் ஆளை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் கூப்பர் கப் ஒரு ரிசீவர். 2017இல் 69ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். நம்மிடமே இருந்த டீ ஹிக்கின்ஸ் 33ஆவது இடத்தில் வந்தவர். நல்ல ரிசீவர்கள் இப்படிப் பின்னாலும் கிடைக்கிறார்கள். இருபது வயதில் முந்நூற்று முப்பது பவுண்டு எடையோடு அப்படிக் கால் நகர்த்தும் டேக்கிள் அடிக்கடி கிடைப்பதில்லை. அதே ஆட்டத்தில் ராம்ஸின் இடது ஓரத்தில் நின்றவர் ஆண்ட்ரூ விட்வொர்த். 11 ஆண்டு நமக்காக ஆடி, 2016க்குப் பிறகு நம்மை விட்டுப் போனவர். நாற்பது வயதில் அங்கே கோப்பையைத் தூக்கினார். அவர் விட்டுப்போன இடத்தை நம்மால் நிரப்ப முடியாமல் போனதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

2024இல் சேஸ் பிடித்த பந்துகளிலும் யார்டுகளிலும் டச் டவுன்களிலும் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்த ஆண்டு அணி பிளேஆஃபுக்குள் நுழையவில்லை. தடுப்பாட்டமும் மோசம்தான், மறைக்கவில்லை. 2023இல் பரோவுக்கு மணிக்கட்டு போனதை நான் லைன்மேன்கள் தலையில் கட்ட மாட்டேன். 2025 செப்டம்பரில் கால் விரல் போனது ஒரு சாக்கில். அந்த ஆண்டின் இரண்டாவது ஆட்டத்திலேயே.

சூவல் ஏழாவது இடத்தில், நீ குடியிருக்கும் டெட்ராய்ட்டுக்குப் போனார். அடுத்த முறை நீ அரங்கத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கால் பகுதி ஆட்டத்துக்காவது பந்தைப் பார்க்காமல், ஓரத்தில் நிற்கும் 58ஆம் எண் சூவலை மட்டும் பார். பந்து எறியப்படும்வரை அவர் எதிரில் இருப்பவர் எத்தனை அடி முன்னேறினார் என்று எண்ணிக்கொண்டு வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா