38 ஆண்டுக் கணக்கில் கூம்பு சேராது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயம் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். பழைய பேராலயம் இருந்த ஓல்ட் சேரம் குன்றின் மேல் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் அவதிப்பட்ட பாதிரியார்கள், கோட்டைக் காவலர்களோடு ஓயாத சண்டை வேறு, போதுமடா என்று ஆற்றோரப் புல்வெளிக்கு இறங்கி வந்த கதை நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. ஒரு வரிதான் இடறியது. கோபுரத்தின் மேல் 123 மீட்டர் உயரம் வரை எழும் கூம்பு உட்பட எல்லாமே 1220 முதல் 1258 வரை, 38 ஆண்டுகளில் எழுந்துவிட்டது போல எழுதியிருக்கிறீர்கள். பேராலயத்தின் உடலுக்குத்தான் அந்தக் கணக்கு. கூம்பு அடுத்த நூற்றாண்டில் வந்தது.

கட்டடப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெறும் தேதித் தகராறு என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். முதலில் கட்டியவர்கள் நினைத்தது கூரைக்குச் சற்று மேலே தலைகாட்டும் குட்டையான கோபுரத்தை மட்டுமே. அந்த அளவுக்குத்தான் தூண் நிறுத்தினார்கள். அஸ்திவாரத்தின் ஆழம் சுமார் 4 அடிதான், அதுவும் ஈரச் சரளைப் படுகையின் மேல். அதற்குப் பிறகு வந்த தலைமுறை அதே நான்கு தூண்களின் தலையில் கோபுரத்தை உயர்த்தி, எண்கோணக் கூம்பையும் வைத்தது. கூடிய எடை சுமார் 6,500 டன். ஒரு மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டு நாலு மாடி கட்டுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா!

பாரம் ஏறியதும் கட்டடம் முனக ஆரம்பித்திருக்க வேண்டும். கிழக்குப் பக்கக் குறுக்குக் கூடங்களின் வாயில்களில் ஒரு வளைவின் மேல் இன்னொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போலக் கல் முட்டுகள் நிற்கின்றன. பார்ப்பவர்கள் அலங்காரம் என்றே நினைப்பார்கள். தூண்கள் உள்பக்கம் சாயாமல் இருக்கக் கொடுத்த முட்டு அது. கூம்புக்குள் மரச்சாரமும் பிரிக்கப்படாமல் இன்றும் இருக்கிறது. 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது, உச்சி சுமார் 75 செ.மீ. தென்மேற்கே சாய்ந்திருந்தது. அதன்பின் அளந்தவர்கள் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை.

லிங்கன் பேராலயத்தின் இதைவிட உயரமான கூம்பு 1548இல் விழுந்தது. லண்டன் பழைய புனித பால் ஆலயக் கூம்பு 1561இல் இடி விழுந்து எரிந்தது. இன்று பிரிட்டனின் தேவாலயக் கூம்புகளில் இதுதான் உயரமானது என்றால், மற்றவை விழ இது விழாமல் நின்றதும் ஒரு காரணம்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் பார்த்தேன். அஸ்திவாரம் ஈரச் சரளையின் மேல் நிற்பதால், தரையில் உள்ள ஒரு துளைக்குள் குச்சியை விட்டு நிலத்தடி நீர்மட்டம் பார்க்கிறார்கள். மாக்னா கார்ட்டா என்ற பழைய ஆங்கில உரிமைச் சாசனம் இருக்கும் அறையில் கூட்டம் அலைமோதியது. நானோ அந்தத் துளை அருகே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

கட்டுரையோடு நடுக்கூடத்தின் படம் போட்டிருந்தீர்களே, கோபுரத்தைத் தாங்கும் அந்தப் பர்பெக் என்ற வகைக் கல்லால் ஆன தூண்களின் ஓரத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். வளைந்திருப்பது படத்திலேயே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
திருச்சி