அந்தக் கேள்வி உன்னுடையது

உனக்கு,

திரைப்பட விழா அட்டவணை நேற்று வந்தது. நீயும் பார்த்திருப்பாய். மூன்றாம் நாள் மாலை அந்த இயக்குநரின் புதுப் படம், முடிந்ததும் கலந்துரையாடல். நாலு வருஷமாக அந்தப் பக்கமே போகாதவள், இந்த முறை பாஸுக்குப் பதிவு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. நம் இருவரையும் தெரிந்தவர்கள் படிப்பார்கள். அந்த வருஷம் உன் வீட்டில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட வராது, பயப்படாதே.

ஆனால் அந்தச் சீட்டு. அட்டவணைத் தாளை நாலாக மடித்து, அதன் பின்பக்கத்தில் இருட்டில் எழுதியிருந்தாய். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 'மகன் இறந்த செய்தி வரும்போது கேமரா ஏன் அம்மாவின் முகத்துக்குப் போகாமல், திறந்திருந்த குழாயிலேயே நின்றது?' அன்றைக்கு அது நமக்கு மூன்றாவது படம். எனக்குக் கண் எரிந்தது, சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டிருந்தேன். குழாயைக் கவனிக்கவே இல்லை. நீ கவனித்தாய். பெல்ஜிய இயக்குநர்கள் டார்டென் சகோதரர்களின் படங்களில் கேமரா பாத்திரங்களின் பிடரியைப் பார்த்தபடியே பின்னால் போவதைக் காட்டித் தந்ததும் நீதான். அதுவரை நான் கதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து இயக்குநரோடு கலந்துரையாடல். மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒவ்வொரு பதிலும் இரண்டு முறை வந்ததில் நேரம் போய்விட்டது. 'கடைசிக் கேள்வி' என்றார்கள். மைக் உன் கைக்கு வந்தது. எழுந்து நின்றாய், பேசவில்லை. பத்து விநாடி இருக்கும். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மைக்கையும் சீட்டையும் நான் வாங்கிக் கேட்டுவிட்டேன். உதவி என்றுதான் நினைத்தேன். இல்லை, பாதிதான் அப்படி நினைத்தேன். 'இது என் தோழியின் கேள்வி' என்று சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்பா இறந்த செய்தி வந்த அன்று அம்மா குழாயை மூட மறந்துவிட்டார், அந்த நாளில் தனக்கு நினைவிருக்கும் சத்தம் அது ஒன்றுதான் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உன்னிடம் வரவேண்டிய பதில். நடுவில் நின்று நான் வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிடு.

ஆனால் நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே? பையை எடுத்துக்கொண்டு போனாய், அவ்வளவுதான். எத்தனை விழாவில் உனக்காக வரிசையில் நின்று இடம் பிடித்திருக்கிறேன்! நீ பாதிப் படத்தில் அழுதுகொண்டு வெளியே போனபோதெல்லாம் கூடவே வந்து நின்றிருக்கிறேன். பல படங்களின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தனையும் ஒரு மைக்கோடு போய்விட்டதா?

2021-ல் இயக்குநர் ஜூலியா டுகூர்னோ கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வாங்கியபோது, '1993-ல் ஜேன் கேம்பியன், அப்புறம் இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க 28 வருஷமா!' என்று கொதித்தாய். 2023-ல் ஜஸ்டின் த்ரியே அதை மூன்றாவது பெண்ணாக வாங்கிய இரவு, உன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குழாய்க் கேள்விக்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். அதை நான் கேட்க மாட்டேன். ஓரத்தில் இரண்டு இருக்கை பிடித்து வைக்கிறேன். படம் ஆறு மணிக்கு.