நாய் போனாலும் திருட்டுதான்

ஐயா,

நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு எங்கள் ராஜபாளையம் நாய் மாலை வரை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில், கேட்டுக்கு உள்ளே கட்டிப் போட்டிருந்த சிப்பிப்பாறைக் குட்டியைப் பட்டப்பகலில் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போனவரிடம், "நாய்தானே, வேற வாங்கிக்கோங்க" என்றார்களாம்.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, பையில் தீனி வைத்து அடுத்தவர் நாயைப் பின்னால் வரவழைப்பது திருட்டுக்கு உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 303ஆம் பிரிவிலும் அதே உதாரணம் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்குள் திருடினால் 305ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. அப்புறம் என்ன "நாய்தானே"?

தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி நாயைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் பின்பக்க அறையில், ஜன்னல் திறந்து, மின்விசிறி போட்டு, தண்ணீர் வைத்து விட்டுவிட்டுத்தான் பூட்டுகிறோம். காவல் நாய்தான், சரி. பிரியாணி எலும்புக்கு மயங்காத நாயை நான் இன்னும் பார்க்கவில்லை! ஊருக்குப் போவதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் தவிர்க்கலாம்.

நாயின் தோலுக்கு அடியில் அடையாளத்துக்கான மைக்ரோசிப் போட்டால் அது இருக்கும் இடம் போனில் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. அரிசி அளவு சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் அதைப் படித்து, நாய் யாருடையது என்று தேட முடியும். ஆகவே எல்லா அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் ஸ்கேனர் வேண்டும். நாய் விற்பவர்களும் வாங்கும் முன் சிப்பைச் சோதிக்க வேண்டும் என்று மாநகராட்சி உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி,
கோ.புதூர், மதுரை